பட்டினி கிடந்தால் தொந்தி கரையுமா?

பெல்ட்டில் ஓட்டை போதவில்லை! தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 31 பேர் அதிக எடை என்றது 2015-16 தேசிய குடும்ப நல ஆய்வு. 2019-21-ல் அது 40 ஆகிவிட்டது. ஆண்கள் 28-லிருந்து 37! சர்க்கரை வியாதிக்கும் ரத்தக் கொதிப்புக்கும் இதுதான் வாசற்படி.

உடனே சிலர் என்ன செய்கிறார்கள்? ஒரு மாதம் பட்டினி. எடை இறங்கும். ஆனால் பசி கூடும், உடம்பு செலவழிக்கும் சக்தி குறையும். மறு மாதம் பரோட்டா, பஜ்ஜி... போன எடை திரும்பி வந்துவிடும்!

அவசரம் உதவாது. பழக்கம்தான் மாற வேண்டும். தட்டில் சோறு குறையட்டும். காய், பருப்பு கூடட்டும். டீயில் சர்க்கரையைக் குறையுங்கள். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட வேக நடை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது தினம் அரை மணி, 5 நாள். ஒரு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கினால் பாதி வேலை முடிந்தது. கல்லாவில் உட்கார்ந்தே இருப்பவரும், பைலை விட்டு எழாத குமாஸ்தாவும் இதைச் செய்யலாம். ஆணுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. டேப் அதைத் தாண்டினால் உஷார்!

சரி, எங்கே நடப்பது? பிளாட்பாரத்தில் கடைச் சரக்கும் மோட்டார் சைக்கிளும் அல்லவா நிற்கின்றன! மாநகராட்சி அதைக் காலி செய்யட்டும். ஜனங்கள் காலை எடுத்து வைக்கட்டும்!