ஏரிக்கு வரும் டவுன் தண்ணீர்... அடைக்கலாமா?

‘‘எங்கள் பேரூராட்சியின் மழைநீர் வடிகாலை, ஏரியின் வரத்துக் கால்வாயில் இணைத்துவிட்டார்கள். மழை பெய்தால் கறுப்புத் தண்ணீரும் பிளாஸ்டிக் குப்பையும் ஏரிக்குள் வருகின்றன. கால்வாயை மண் போட்டு அடைத்துவிடலாம் என்று ஆயக்கட்டு விவசாயிகள் சிலர் சொல்கிறார்கள். அது சரியா?’’

- வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்.

அடைக்காதீர்கள். வீடுகளும் கடைகளும் நிற்கிற இடம் ஒருகாலத்தில் உங்கள் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியாக இருந்திருக்கும். அங்கு விழும் மழை ஏரிக்கு உரியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர். ஆக, 25 மி.மீ மழைக்கு ஏக்கருக்கு 1 லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. உழுத நிலமாக இருந்தால் அதில் கணிசமான அளவு மண்ணுக்குள் இறங்கும். சிமென்ட் சாலையிலும் மொட்டைமாடியிலும் விழுந்தால், பெரும்பகுதி வடிகாலுக்கு ஓடிவந்துவிடும். கால்வாயை அடைத்தால், அந்தத் தண்ணீர் தாழ்வான தெருக்களில்தான் புகும். வழக்கும் உங்கள் மீதுதான் வரும்.

முதலில் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். பத்து, பதினைந்து நாள்கள் மழையே இல்லாதபோது வடிகாலைப் போய்ப் பாருங்கள். அப்போதும் தண்ணீர் ஓடினால், அநேகமாக அது சாக்கடைதான். வடிகாலை ஒட்டியே மேலே நடந்து போனால், எந்தெந்தக் குழாய்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். தேதியோடு படம் எடுத்து, பேரூராட்சி செயல் அலுவலருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் மனு கொடுங்கள். நீர்நிலையில் கழிவைக் கலப்பது 1974-ம் ஆண்டு நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டத்தின் 24-வது பிரிவின்படி தடை செய்யப்பட்டது என்பதையும் மனுவில் குறிப்பிடுங்கள். சாக்கடை நிற்காமல் கால்வாயில் என்ன செய்தாலும் பாதி வேலைதான். ஏரியில் ஆகாயத்தாமரை மண்டுவதற்கும் சாக்கடையில் உள்ள சத்துகள் முக்கியக் காரணம்.

சாக்கடை நின்ற பிறகும், கோடைக்குப் பின் வரும் முதல் மழை சாலையில் உள்ள எண்ணெய், சாணம், குப்பை எல்லாவற்றையும் வழித்துக்கொண்டுதான் வரும். அதற்கு, கால்வாய் ஏரியில் சேருமிடத்துக்கு முன்பாக இரும்புக்கம்பித் தடுப்பும், அதையடுத்து வண்டல் குழியும் வேண்டும். கால்வாயைவிடப் பல மடங்கு அகலமாகக் குழி இருந்தால்தான் ஓட்டம் தணிந்து, வண்டல் அடியில் தங்கும். குழியைத் தாண்டிய பகுதியில் கோரை, சம்பு வளரட்டும். கரையில் வெட்டிவேர் வைத்தால் மண் அரிக்காது. செப்டம்பருக்குள் குழியைத் தூர்வாரிவிட வேண்டும். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். குழி நிரம்பிவிட்டால் அது இருந்தும் பயனில்லை. அள்ளிய வண்டலை ஏரி வண்டல் என்று நினைத்து வயலில் கொட்டாதீர்கள். அதில் கண்ணாடித்துண்டும் பேட்டரிக் கழிவும் கலந்திருக்கலாம்.

நீங்களாகக் குழி வெட்ட இறங்க வேண்டாம். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் இருந்தால், பொதுவாக ஏரி நீர்வளத்துறையிடமும், குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். உரிய அலுவலகத்தில் எழுத்து மூலமாக அனுமதி வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.