பெருக்கல் கணக்கில் தாய் முயல் எங்கே?

மாதம் ஓர் ஈற்று, ஈற்றுக்கு 8 குட்டி, வருடத்துக்கு 96. முயல் பண்ணை வைக்கச் சொல்லி ஆசை காட்டுகிறவர்கள் ஒப்பிக்கும் கணக்கு இது. தாராபுரம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் கூண்டு கட்டி முயல் வளர்க்கிற எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. தாய் முயலின் உடம்பை இவர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

சினைக்காலம் 30 முதல் 32 நாள் என்பது உண்மை. மாடு போல முயலுக்குப் பருவச் சுழற்சி கிடையாது. இணை சேர்ந்து சுமார் 10 மணி நேரத்தில் கருமுட்டை வெளிவரும். குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினை பிடிக்கவும் செய்யும். அப்படிப் பிடிக்க விட்டால், பெட்டியில் ஒரு ஈற்றுக்குப் பாலும் வயிற்றில் இன்னொன்றுக்குத் தீனியுமாகத் தாய் தன் உடம்பையே கரைத்துக் கொடுக்கும். அடுத்தடுத்த ஈற்றில் குட்டி சிறுக்கும், பால் வற்றும்.

நான் குட்டிகளைப் பிரித்து, தாய் உடம்பு தேறிய பிறகே ஆண் முயலின் கூண்டுக்குக் கொண்டுபோகிறேன். ஆணைப் பெட்டையின் கூண்டில் விட்டால் பெட்டை சண்டைக்கு வரும். இரண்டு வாரத்தில் அடிவயிற்றை மெதுவாகத் தடவினால் கோலிக்குண்டு போலக் கரு தட்டுப்படும். 28-ஆம் நாள் தேங்காய் நார் போட்ட பெட்டியை வைப்பேன். மிச்சத்துக்குத் தன் முடியைப் பிடுங்கி அதுவே மெத்தை போட்டுக்கொள்ளும்.

பிறகு மனிதர்கள் ஒதுங்கியிருக்க வேண்டும். "தாய் பக்கத்திலேயே போகவில்லை" என்று பயந்து குட்டி வாயில் மாட்டுப்பால் ஊற்றுகிறார்கள். முயல் நாளைக்கு ஒரு முறை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும். மாட்டுப்பாலைவிடக் கொழுப்பு மிகுந்த பால் அது. குட்டிக்கு அதுவே போதும். காலையில் குட்டிகளின் வயிறு உப்பியிருக்கிறதா என்று பார்த்து, செத்த குட்டி இருந்தால் எடுத்துவிட்டால் சரி.

வெயிலையும் பார்க்க வேண்டும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இனங்களை வளர்க்கிறது. அந்தக் குளிரில் கிடைக்கிற ஈற்றைச் சமவெளிச் சித்திரையில் எதிர்பார்க்க முடியாது. வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் ஆணின் விந்து வீரியம் இழந்துவிடும். எங்கள் ஊரில் கோடை முழுக்க இணை சேர்த்தாலும் சினை நிற்பது அபூர்வம். ஆக, வருடத்துக்கு 4 அல்லது 5 ஈற்றுதான் நியாயம். லாபத்தையும் அதை வைத்தே போட வேண்டும். அதில் கட்டுப்படியாகாதென்றால் தொழிலில் இறங்காதீர்கள்.

முயல் வாங்கப் போகிறவர்கள் விலையைப் பேசுமுன், தாயிடம் வருடத்துக்கு எத்தனை ஈற்று எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். பத்து, பன்னிரண்டு என்று பெருமையடித்தால், வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.