இசைத்தட்டும் ஓசை அளவும்

ஹிஞ்சேவாடியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் பழைய இசைத்தட்டுப் பெட்டிகள் இன்றும் பரண்மீது உறங்குகின்றன. பெற்றோர் ஊரைவிட்டு வந்தபோது பாத்திர மூட்டைகளோடு கூடவே வந்து சேர்ந்தவை அவை. அவற்றிலுள்ள இசையைக் கணிப்பொறியில் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் விருப்பம் இப்பொழுது இளைஞர் பலரிடம் எழுந்திருக்கிறது. மிக நல்ல விருப்பம். அப்பணியில் தலையாய ஒன்றைப் பற்றி மட்டும் இத்திங்கள் நேயர்களோடு பேச எண்ணுகிறோம். அதுவே ஓசையின் அளவு.

இதற்கு இத்துணை அக்கறை எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். எஸ். ஜி. கிட்டப்பா 1933ஆம் ஆண்டில், இருபத்தேழு வயதிலேயே மறைந்தார். அவர் குரலை நேரில் கேட்டவர் இன்று இல்லை. நமக்கு எஞ்சியிருப்பது இசைத்தட்டில் பதிந்த குரலே. 1956இல் மறைந்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பல்லாயிரம் இல்லங்களுக்குக் கொண்டு சேர்த்ததும் இசைத்தட்டே. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அந்தக் காலத்துத் தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை. கை தவறினால் பீங்கான்போல் உடையும். பின்னர் வந்த வினைல் தட்டு எளிதில் உடையாது. எனினும் ஊசி ஓடுந்தோறும் சிறிது தேயும். ஆதலால் பதிவு செய்வதை ஒரே முறையில் செவ்வையாகச் செய்துவிடுதல் நன்று.

சமையலில் உப்புக் குறைந்தால் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம். மிகுந்துவிட்டால் எடுப்பதற்கு வழியில்லை. கணிப்பொறிப் பதிவிலும் நிலைமை இதுதான். ஓசையளவு காட்டும் கோட்டின் உச்சியில் சுழியம் டெசிபெல் என்றிருக்கும். அதற்கு மேல் எழும் ஓசைக்குக் கணிப்பொறியில் இடமே இல்லை. அலையின் முடி மழுங்க வெட்டப்பட்டு, குரல் கரகரவென்று உடையும். வெட்டுண்டது வெட்டுண்டதே, எந்தக் கருவியும் அதனை உள்ளபடி மீட்டுத் தராது. தாழ்ந்த அளவில் பதிந்ததையோ எப்பொழுது வேண்டுமாயினும் உயர்த்திக்கொள்ளலாம்.

முன்பு காசெட்டில் பாட்டுப் பதிந்து பழகிய அன்பர்கள் இங்கே விழிப்பாக இருத்தல் வேண்டும். நாடாவுக்கென்று ஓர் இரைச்சல் உண்டு. அதனை அமுக்குவதற்காக அளவு முள் சிவப்பைத் தொடும்வரை ஏற்றுவது அக்காலத்து வழக்கம். சற்று மிகுந்தாலும் நாடா பொறுத்துக்கொள்ளும், கணிப்பொறி பொறுக்காது. மேலும், அவ்வாறு ஏற்ற வேண்டிய தேவையும் இப்பொழுது இல்லை. கணக்கில் ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபெல் இடம் தருகிறது. 16 பிட் பதிவில் சுமார் 96 டெசிபெல் கிடைக்கும். 24 பிட் பதிவில் அதனினும் மிகுதி. தட்டின் சொந்த இரைச்சலே இவற்றின் அடித்தளத்தைவிட மிக உயரத்தில் நிற்பதால், மேலே 10 டெசிபெல் காலியாக விட்டாலும் இசையில் ஒரு துளியும் குறையாது.

இனி, செய்முறை. பிக்கப்பிலிருந்து வரும் மின்னோட்டத்தின் அழுத்தம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கே. அதனைப் போனோ ஆம்ப்ளிஃபயர் வழியாகவே கணிப்பொறிக்கு அனுப்ப வேண்டும். தட்டு வெட்டும்போது குறைக்கப்பட்ட கீழ் ஓசையை உயர்த்தி, உயர்த்தப்பட்ட மேல் ஓசையைத் தாழ்த்துவதும் அதன் பணியே. நேராக மைக் துளையில் செருகுதல் கூடாது. 78 சுழற்சித் தட்டுக்கு, அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு பருமனுள்ள தனி ஊசி வேண்டும். எல். பி. தட்டுக்குரிய மெல்லிய ஊசி அந்த அகன்ற பள்ளத்தின் அடியில் உருண்டு, இரைச்சலையே மிகுதியாக எடுத்துத் தரும்.

அடுத்து, தட்டின் மிக உரத்த பகுதியைத் தேடுக. தொடக்கத்தைக் கேட்டு அளவு வைப்பவர் ஏமாறுவர். ஆலாபனை மெல்ல எழும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் முழங்கும்போதுதான் உண்மை தெரியும். நாதசுரத் தட்டாயின் தவில் ஓங்கும் இடத்தைப் பார்க்க. அவ்விடத்தில் உச்சி, சுழியத்திற்குக் கீழே 12 டெசிபெல்லை ஒட்டி நிற்குமாறு அமைக்க. 6 டெசிபெல்லைத் தாண்டவிடற்க. பின்னர் அந்தப் பக்கம் முடியும்வரை குமிழைத் தொடலாகாது.

இரு ஐயங்களை இங்கே நீக்கிவிடுவோம். ஒலிபெருக்கியின் குமிழைத் திருப்புவதால் பதிவின் அளவு மாறுவதில்லை. கேட்கும் அளவே மாறும். மற்றொன்று, அளவுகோல் தாழ்ந்திருந்தும் குரல் உடைந்து கேட்டால், குற்றம் கணிப்பொறிக்கு முன்னுள்ள ஆம்ப்ளிஃபயரில் இருக்கலாம். திரையில் அலையின் முடி தாழ்ந்த உயரத்திலேயே தட்டையாகத் தெரியும். அங்கே அளவைக் குறைக்காமல் கணிப்பொறியில் குறைப்பதால் பயன் இல்லை.

நம் பகுதிக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. கனரக வண்டிகள் ஓடும் சாலையை ஒட்டிய அடுக்குமாடிகளில் தரை அதிர்கிறது. அந்த அதிர்வு ஊசி வழியே ஏறி, காதுக்குப் புலப்படாமலே அளவில் இடம் பிடித்துக்கொள்ளும். உறுதியான மேசையும் இரவின் அமைதியும் இதற்கு மருந்து.

பதிந்தபின் அந்த மூலப்பதிவைத் திருத்தாமல் தனியே வைத்துவிடுக. அதன் நகலில், ஆடாசிட்டி போன்ற விலையில்லா மென்பொருளைக்கொண்டு முதலில் சொடுக்கொலிகளை நீக்கி, பின்னரே அளவை உயர்த்துக. உயர்த்தும்போது ஒரு பக்கம் முழுவதையும் ஒருங்கே உயர்த்துவதே முறை. பாட்டுக்குப் பாட்டுத் தனியே உயர்த்தினால், தாலாட்டும் போர்ப்பாட்டும் ஒரே குரலில் ஒலிக்கும். மென்மையாகப் பாடியவர் வேண்டியே அவ்வாறு பாடினார் அன்றோ?

நாம் அறிந்த ஓர் இல்லத்தில், செவிப்புலன் குன்றிய தந்தையார் நன்கு கேட்க வேண்டுமென்று மகன் ஓசையை மிக உயர்த்திப் பதிந்தார். அன்பினால் செய்ததே. சில திங்களில் வீடு மாறியபோது தட்டு உடைந்துவிட்டது. மேல்ஸ்தாயியில் குரல் பிளக்கும் அந்தப் பதிவே இப்பொழுது மிஞ்சியுள்ளது. தந்தையார் குறை ஏதும் கூறுவதில்லை. அந்த இடம் வரும்போது கையால் தாளம் போடுவதைச் சற்றே நிறுத்துகிறார். அளவைத் தாழ்த்திப் பதிந்து, அவருக்காக ஒலிபெருக்கியை உயர்த்தியிருந்தால் இருவர் விருப்பமும் நிறைவேறியிருக்கும்.

திரைப்படங்களைக் காப்பதற்கென நம் புனே நகரில் 1964ஆம் ஆண்டு தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது. பரண்மேல் கிடக்கும் இசைத்தட்டுக்கோ வீடே காப்பகம், வீட்டாரே காப்பாளர். பதிவின் பெயரோடு தட்டின் எண்ணையும் பாடியவர் பெயரையும் குறித்து, இரண்டு இடங்களில் சேமித்து வைப்பீராக. பதிந்தாயிற்று என்று தட்டை எறிந்துவிட வேண்டா. தட்டைக் கழுவித் தூய்மை செய்யும் முறையை அடுத்த திங்கள் எழுதுவோம்.