சாப்பாட்டுப் பெட்டியுடன் வந்த பாடலாசிரியர்

வாய் திறந்தால் சொல் முட்டுப்பட்டு நிற்கும் ஒருவர் பாட்டெழுதிப் பாடி உலகைத் தம்வசமாக்கினார் என்றால், அதனைக் கட்டுக்கதை என்றே வாசகர் எண்ணக்கூடும். அமெரிக்க நீக்ரோ மக்களின் தேவாலயப் பாட்டிலும் துயரப் பாட்டிலும் வேரூன்றி வளர்ந்தது ‘சோல்’ இசை. ‘சோல்’ என்பதற்கு ஆன்மா என்று பொருள். அத்துறையில் பெயர் பெற்ற பில் விதர்ஸ் என்பாரின் கதை இது.

மேற்கு வேர்ஜீனியா மாநிலத்திலே ஸ்லாப் போர்க் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் 1938ஆம் ஆண்டு ஜூலை 4ஆந் திகதி அவர் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. தந்தை சுரங்கத் தொழிலாளி. மகனுக்குப் பதின்மூன்று வயதாகும்போது இறந்துபோனார். திக்குவாய்ப் பிள்ளையை ஊரார் மந்தன் என்று கருத, அம்மம்மா ஒருவரே அவனைத் தாங்கிப் பேசினார். அம் மூதாட்டியின் கைகளைப் பற்றிப் பிற்காலத்தில் அவர் ஒரு பாட்டே எழுதினார். எமக்கு அவர் பாட்டுக்களில் மிகவும் பிடித்தது அதுதான்.

பதினேழு பதினெட்டு வயதிற் கடற்படையிற் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினார். திக்குதல் நீங்கிய போது அவருக்கு வயது இருபத்தெட்டு. மணிக்கு மூன்று டொலர் கூலி பெற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் இரவு விடுதியொன்றுக்குச் சென்றார். அன்று பாடவிருந்த லூ றோல்ஸ் நேரத்துக்கு வரவில்லை. வாரத்துக்கு இரண்டாயிரம் டொலர் கொடுத்தும் ஆள் வரக்காணோமே என்று விடுதிக்காரர் புலம்பியது இவர் செவியில் விழுந்தது. உடனே அடகுகடைக்குச் சென்று மலிவான கித்தார் ஒன்றை வாங்கித் தாமாகவே பழகலானார். கலைத்தாகம் என்று நாம் அலங்காரமாகச் சொல்வதற்கு இத்தகைய எளிய தொடக்கமும் உண்டு.

லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் விமானத் தொழிற்சாலையொன்றில், 747 ரக விமானங்களுக்கு மலசலகூடங்கள் செய்வது அவர் வேலையாயிற்று. முதல் இசைத்தட்டு 1971இல் வெளிவந்தது. அதன் உறையிலுள்ள படம் தொழிற்சாலை வாயிலில், மதிய உணவு வேளையில் எடுக்கப்பட்டது. கையிற் சாப்பாட்டுப் பெட்டி. இசைத்தட்டு வெளிவந்த பின்னரும் வேலையை விட அவர் மனம் ஒப்பவில்லை. பாட்டை நம்பிச் சோற்றை இழப்பதோ என்ற ஐயம். பின்னர் ஆட்குறைப்பில் வேலை போயிற்று. ஒருநாள் இரண்டு கடிதங்கள் ஒருங்கே வந்தன. ஒன்று, வேலைக்குத் திரும்பி வருமாறு. மற்றது, ஜொனி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிற் பாட வருமாறு. அவர் எதனைத் தெரிந்தார் என்று கூறவேண்டுவதில்லை.

அவருக்குப் புகழ் தேடித் தந்த ‘எயின்ட் நோ சன்ஷைன்’, மதுவுக்கு அடிமையான தம்பதியரைக் காட்டும் 1962ஆம் ஆண்டுத் திரைப்படமொன்றைப் பார்த்த தாக்கத்தாற் பிறந்தது. இடையிலே சொற்கள் இன்னும் எழுதப்படாதிருந்த ஓரிடத்தில், இரண்டே சொற்களை 26 முறை திருப்பித் திருப்பிப் பாடி வைத்தார். பின்னர் நல்ல வரிகள் எழுதி நிரப்புவதாகவே எண்ணம். தயாரிப்பாளர் புக்கர் ரீ. ஜோன்ஸும் உடனிருந்த வாத்தியக்காரரும், அப்படியே இருக்கட்டும் என்றனர். அனுபவசாலிகள் சொல்வதைக் கேட்போம் என்று இவரும் விட்டுவிட்டார். இன்று கேட்போர் நெஞ்சில் நிற்பது அந்த நிரப்பப்படாத இடமேயன்றோ! பாட்டு பத்து இலட்சத்துக்கு மேல் விலைபோனபோது, இசைத்தட்டுக் கொம்பனியார் அவருக்குப் பொன்னிற மலசலகூட இருக்கை ஒன்றைப் பரிசளித்து வேடிக்கை செய்தனர்.

மறு ஆண்டு ‘லீன் ஒன் மீ’ வந்தது. புதிதாக வாங்கிய சிறிய மின்பியானோவில் விரல்களை வரிசையாக மேலும் கீழும் ஓட்டியபோது உதித்த மெட்டு. ஸ, ரி, க, ம என ஏறி, வந்த வழியே இறங்கும்; சங்கீதத்தில் முதற்பாடம் படிக்கும் பிள்ளையும் வாசித்துவிடலாம். ஒருவர்க்கொருவர் தோள் கொடுத்து வாழ்ந்த சுரங்க ஊரின் நினைவே அதன் பொருள். 1972இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது.

1975இல் அவருடைய சசெக்ஸ் நிறுவனம் மூடப்பட்டது. அடுத்து கொலம்பியா என்னும் பெரிய நிறுவனத்திற் சேர்ந்தார். அங்கே, எதைப் பாடவேண்டும், எப்படிப் பாடவேண்டும் என்று மற்றவர்கள் தமக்கு உபதேசிக்க முற்பட்டனர் என்பது அவர் பின்னாளிற் கூறிய குறை. 1985இல் வெளிவந்ததே கடைசித் தொகுதி. அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள் உயிர்வாழ்ந்தும் புதிய தொகுதி எதனையும் அவர் வெளியிட்டாரல்லர். பாட்டுரிமைப் பணம் வந்துகொண்டிருந்தது. மனைவி மக்களுடன் அமைதியாக வாழ்ந்தார். அவர் திறமை வீணாயிற்று என இரங்குவோர் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை இலகுவிற் கைவிடாதவர், மேடையை மட்டும் இலகுவில் விட்டுச் சென்றார் என்பதே வியப்பு.

2020ஆம் ஆண்டு மார்ச் 30ஆந் திகதி, எண்பத்தோராவது வயதில் அவர் காலமானார். கொள்ளைநோய்க் காலமாகிய அந்நாட்களில், மருத்துவத் தொண்டரை ஊக்குவிக்க மக்கள் ‘லீன் ஒன் மீ’யைப் பாடிக்கொண்டிருந்தனர். அவர் வாழ்க்கையைக் கூறும் ‘ஸ்டில் பில்’ என்னும் 2009ஆம் ஆண்டு விவரணப்படத்திலே, திக்கிப் பேசும் பிள்ளைகள் சிலரை அவர் சந்திக்கும் காட்சியொன்று உண்டு. மேடைகள் பல கண்ட அம் முதியவர், அப்பிள்ளைகளின் முன்னே கண்கலங்கி நிற்கிறார்.