மாமாவை எந்திரிக்க விடுங்க

எங்க மாமாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சு ஒன்றரை வருசமாச்சு. வாரத்துல மூணு நாள், தடவைக்கு நாலு மணி நேரம். முதல் பஸ்ஸுல போனா வீடு திரும்ப மத்தியானம் ஆயிரும். வந்ததும் வாடின வெத்தலை மாதிரி படுத்துக்குவார். அன்னைக்கு ஓய்வு வேணும், சரி.

மிச்ச நாலு நாளும் நாங்க பண்ணினதுதான் தப்பு. "நீங்க கட்டில்ல உக்காருங்க மாமா"ன்னு மாட்டுக் கயித்தையும் மம்பட்டியையும் பிடுங்கி வச்சோம். அளந்து ஊத்தின தண்ணியைக்கூட கையில கொண்டுபோய்க் கொடுத்தோம். ஆறே மாசத்துல, தனியாளா மடை திருப்பின மனுசன் நாற்காலியை விட்டு எந்திரிக்க ஆள் கூப்பிட்டார்.

சாப்பிட்ட சோறு சர்க்கரையா மாறி ரத்தத்துல கலந்தா, அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது தசை. கிட்னி செயலிழந்தவர்களுக்குத் தசை கரையும். இன்சுலினும் சரியாக வேலை செய்யாது. அதுக்கு மேல நாமளும் உக்கார வச்சா?

இத்தாலியில் டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. டயாலிசிஸ் இல்லாத நாளில், வீட்டிலேயே, பத்துப் பத்து நிமிச நடைதான். ஆறு மாதம் கழித்து, ஆறு நிமிடத்தில் சராசரி 328 மீட்டர் நடந்தவர்கள் 367 மீட்டர் நடந்தார்கள். பயிற்சி இல்லாதவர்களிடம் பெரிய மாற்றமில்லை. சில நாடுகளில் டயாலிசிஸ் நடக்கும்போதே படுத்தபடி பெடல் மிதிக்க வைக்கிறார்கள். நாங்க போற இடத்துல மெசின் இருக்கு, ஊசி இருக்கு. எப்படி நடக்கோணும்னு சொல்லித்தர ஒரு ஆள் இல்லை. வாரம் ஒரு நாளாவது பிசியோதெரபிஸ்ட் வரணும்னு கேக்கறது தப்பாங்க?

டாக்டரைக் கேக்காம யாரும் ஆரம்பிக்காதீங்க. நெஞ்சு வலி, மூச்சு வாங்கல், கிறுகிறுப்பு வந்தா உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குச் சொல்லோணும். இன்சுலின் போடறவங்களுக்குச் சர்க்கரை தாழ்ந்து போகலாம். ஊசி குத்தற பிஸ்டுலா கையில பாரம் தூக்கவோ மாட்டுக் கயித்தைச் சுத்தவோ கூடாது. நடந்து வந்த பாசத்துல இளநி வெட்டிக் கொடுத்துறாதீங்க. அதிலுள்ள பொட்டாசியம் இவங்களுக்கு ஆபத்து.

நடந்தா கிட்னி திரும்பி வராது. ஆனா, தன் காலில் கக்கூஸ் போய் வர்றது சின்ன விசயமில்லை. இப்ப மாமாவுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கோம். டயாலிசிஸ் இல்லாத நாள்ல காலையும் சாயந்திரமும் வண்டித்தடத்துல மோட்டார் ரூம் வரை போய், மும்முனைக் கரண்ட் வந்துருச்சான்னு பாத்துட்டு வரணும். முந்தி பாதியிலயே கல்லு மேல உக்காந்தவர் இப்ப போயே வந்துடறார். வந்ததும் "கரண்ட் வந்துருச்சு மாப்ளே, போய் மோட்டாரைப் போடு"ன்னு என்னை விரட்டறார்.

உங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தர் கட்டில்ல இருந்தா, டாக்டர்கிட்ட கேட்டுட்டு, ஒரு சின்ன வேலை கொடுங்க.