நோட்டீசு மாத்திரம் போதுமா?

வீட்டுவரி நோட்டீசு வந்தால் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? "எல்லாம் தலையெழுத்து" என்று பெருமூச்சு விட்டு, கடன் வாங்கியாவது கட்டுகிறவர்களே அதிகம். தலையெழுத்தை எழுதினவனை எவரும் கண்டதில்லை. வரியை எழுதினவரோ நகராட்சி ஆபீசில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். போய்க் கேட்பதற்கென்ன?

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கை நம் தோழர்கள் அறிய வேண்டும். அந்நாட்டில் ஒரு தெருவைச் செப்பனிட்டால், அதனால் நிலத்தின் மதிப்பு உயர்கிறது என்று சொல்லி, செலவை அத்தெருக்காரர்கள் தலையிலேயே பங்கிட்டு வைப்பதுண்டு. கொலராடோ மாகாணத்து டென்வர் நகரசபையார் அவ்விதமே தெருப்போட்டு வரி விதித்தார்கள். பத்திரிகையில் நோட்டீசும் போட்டு, ஆக்ஷேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். சொத்துக்காரர்கள் எழுதியும் கொடுத்தார்கள். நகரசபையோ அவர்களை ஒரு வார்த்தை பேசவிடாமலே வரியை முடிவு செய்துவிட்டது. சாமியிடம் மனுப் போட்ட கதைதான்! ஆனால் இவர்கள் சும்மா இருக்கவில்லை, வழக்காடினார்கள். 1908-ல் சுப்ரீம் கோர்ட்டார், காகிதத்தை வாங்கி வைத்துக்கொள்வது விசாரணையாகாது, சுருக்கமாகவேனும் வாதாடவும் வேண்டுமானால் ருசுக் காட்டவும் இடங்கொடுக்க வேண்டுமென்று சொல்லி, அவ்வரி செல்லாதென்று தீர்ப்பளித்தார்கள்.

அதே டென்வரில் ஊர் முழுவதிலுமுள்ள சொத்துக்களின் மதிப்பை ஒரேயடியாக 100-க்கு 40 வீதம் உயர்த்தியபோது, கோர்ட்டார் 1915-ல் வேறு விதமாகச் சொன்னார்கள். எல்லாரையும் ஒன்றுபோல் பாதிக்கும் காரியத்தில் ஒவ்வொருவரையும் விசாரிப்பது சாத்தியமில்லை. ஆளுகிறவர்கள்மேல் ஜனங்களுக்குள்ள அதிகாரமே அதற்குப் பரிகாரம் என்றார்கள். அதாவது ஓட்டு.

தமிழ்நாட்டில் நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். சொத்துவரியை 100-க்கு 25 முதல் 150 வரை உயர்த்தும் அறிவிப்பு வந்தது அவ்வருஷம் ஏப்ரலில். ஓட்டுக் கேட்டு வாசலில் நின்றவர்களிடம் வரியைப்பற்றி நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்?

வரியே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. தண்ணீரும் விளக்கும் சாக்கடையும் மந்திரத்தால் வருவதில்லை. (கும்பாபிஷேக வசூலுக்குக் கணக்குக் கேட்டவர் எவருமில்லை, அது கிடக்கட்டும்.) நோட்டீசு கைக்கு வந்தவர்கள் அதில் கண்ட சதுர அடி சரியா, குடியிருக்கும் வீட்டைக் கடையென்று எழுதியிருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். எழுத்தறியாதவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அழைத்துப் படிக்கச் சொல்லட்டும். பிழையிருந்தால் எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீதும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியது.