படிக்கிற பிள்ளையும் பாத்ரூம் கழுவட்டும்

விருத்தாசலம் பெற்றோருக்கு,

வாரத்தில் ஒருநாள் உங்கள் வீடு சுத்தமாகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதை யார் செய்கிறார்கள் என்பதில்தான் உங்கள்மேல் கோபம். ஆறு நாள் வேலைக்குப் போய் வந்த அம்மா, ஏழாம் நாள் ஒட்டடைக்குச்சி, துடைப்பம், மாப், பாத்ரூம் பிரஷ் எல்லாவற்றையும் ஒருத்தியாகவே கையில் எடுக்கிறாள். மாப் வரும்போது அப்பா காலை மட்டும் தூக்கிக்கொள்கிறார். பதினாலு வயதுப் பையன் போனோடு அடுத்த அறைக்கு நகர்கிறான். பெண் பிள்ளை இருந்தால் அவளுக்கு மட்டும் குரல் போகிறது: "நீயாவது வாடீ, இதைத் தொடச்சுக் குடு." பையனை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டுப் பாருங்கள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "படிக்கிற புள்ள, விடுங்க."

படிக்கிற பிள்ளைக்குக் கை இல்லையா?

நம் ஊரில் யாருக்கும் நேரமில்லை என்பது எனக்கும் தெரியும். நெய்வேலி ஷிஃப்டுக்கு இருட்டிலேயே பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ரயில்வே ஜங்ஷனில் வேலை பார்ப்பவருக்கு ஞாயிறும் புதனும் ஒன்றுதான். செராமிக் பட்டறையில் சூளை எரிகிற நாளில் வீட்டு நினைப்பே வராது. கடலூர்ப் பக்கம் பள்ளிக்கூட வேலைக்குப் போய்வரும் டீச்சர்கள் வீடு திரும்பும்போது விளக்கு வைத்துவிடுகிறார்கள். நேரமில்லாத குடும்பத்தில்தான் வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நாமோ நேரமே இல்லாத ஒருத்தியின் தலையில் அத்தனையையும் கட்டிவிட்டு, மற்றவர்களின் நேரத்தைப் பத்திரமாகக் காப்பாற்றுகிறோம்.

இது நம் தெருவில் மட்டும் நடப்பதும் இல்லை. 2019இல் மத்தியப் புள்ளியியல் துறை நாடு முழுக்க வீடு வீடாகப் போய் யார் எதற்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்வதாகச் சொன்ன பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். அப்படிச் செய்தவர்களிலும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் உழைத்தார்கள், ஆண்கள் 97 நிமிடம். பெண்களுக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம்! ஒரு பாதி ஷிஃப்டுக்கும் மேல்.

கணவர் சம்பளத்தில் வாங்கிய சொத்திலும், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சமபங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, வீட்டுக்குள் பெண்கள் பார்ப்பதும் உழைப்புதான் என்று அரசும் ஒப்புக்கொண்டது. நீதிமன்றத்துக்கும் அரசுக்கும் தெரிந்தது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் தெரியவில்லை. நாம் தெரியவிடவில்லை. தீராத வழக்கு, வராத கடன், காணாமல் போன நகை என்று எது இருந்தாலும் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் பிராது எழுதிக் கட்டுகிற ஊர் இது. ஆனால் இந்தத் துடைப்பத்தைப் பற்றி எந்த அம்மா பிராது கட்டுவாள்? இதை ஒரு குறையாக நினைக்கவே அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லையே.

இனி வேலைக்கு வருகிறேன். மாதத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை என்றில்லாமல் வாரம் தவறாமல் செய்தாக வேண்டும் என்பதற்கு உடம்பு சார்ந்த காரணமே இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நாம் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகிக் கொசுவாகப் பறக்க நம் வெயிலில் ஏழிலிருந்து பத்து நாள் போதும். ஏழு நாளைக்குள் அந்தத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் அந்தக் கொசு பிறக்கவே பிறக்காது. வாரம் ஒருநாள் பாத்திரம் கவிழ்க்கச் சொல்லிச் சுகாதாரத் துறை ஓயாமல் கேட்பது இதற்காகத்தான்.

கவிழ்ப்பதோடும் முடிந்துவிடாது. முட்டைகள் தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் உயிர் பிடித்துக் கிடக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் டிரம்மையும் குடத்தையும் தொட்டியையும் உள்பக்கம் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு சின்னத் தட்டு இருக்கிறதே, அதை எத்தனை பேர் இழுத்துப் பார்த்திருக்கிறீர்கள்? கொல்லையில் கிடக்கும் பழைய உரல், பூந்தொட்டியின் அடித்தட்டு, மூடி உடைந்த சம்ப் எல்லாம் இதில் சேர்த்தி. நம் ஊருக்கென்று தனியாக ஒன்றும் உண்டு. விளிம்பு உடைந்த கப், கோணிப்போன ஜாடி, செகண்ட்ஸ் என்று ஒதுக்கிய பீங்கான் சாமான்கள் வீட்டுக்குப் பின்னால் குவிந்து கிடக்கின்றன. சுட்ட பீங்கான் தண்ணீரைக் குடிக்காது. ஐப்பசி மழை நின்ற பிறகும் அதில் நின்ற தண்ணீர் அப்படியே நிற்கும். எட்டு வயதுப் பிள்ளையால் இதைக் கவிழ்க்க முடியாதா? ஏன் கவிழ்க்கிறோம் என்று புழுவைக் காட்டிச் சொல்லிவிட்டால், அடுத்த வாரம் உங்களுக்கு முன்னால் அதுவே கொல்லைக்கு ஓடும்.

தூசி இன்னொரு காரணம். இங்கே தூசி வெறும் மண் தூசி அல்ல. செராமிக் பட்டறையில் புழங்குவது வெள்ளைக் களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ். குவார்ட்ஸ் பொடியாகும்போது கிளம்பும் சிலிக்கா தூசியில் நுரையீரலின் அடிவரை போகிற துகள்கள் கண்ணுக்கே தெரியாது. அது வருஷக்கணக்கில் உள்ளே போனால் வரும் சிலிகோசிஸ் நோயைத் திருப்ப மருந்து இல்லை. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 1997இல் இந்தச் சிலிக்கா தூசியை வகைப்படுத்தியும் விட்டது. வீட்டுக்குள் இருக்கும் தூசியும் பட்டறைக்குள் இருக்கும் தூசியும் அளவில் ஒன்றல்ல, வீண் பயம் வேண்டாம். ஆனால் வேலைச் சட்டையைக் கூடத்தில் உதறாதீர்கள். பிள்ளைகளின் துணியோடு சேர்த்து ஊற வைக்காதீர்கள். தனி வாளி, தனி அலசல்.

பெருக்குகிற விதத்தையும் கொஞ்சம் பாருங்கள். நம் ஆயாக்கள் வாசலைத் தெளித்த பிறகுதான் பெருக்கினார்கள். தூசி எழும்பாது, அடங்கும். வீட்டுக்குள்ளோ நாம் மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, பூந்துடைப்பத்தால் வீசி வீசிப் பெருக்குகிறோம். தரையில் கிடந்தது பிள்ளையின் மூக்குக்குப் போகிறது, மீதி அரை மணி கழித்துத் தரைக்கே திரும்புகிறது. விசிறியை நிறுத்துங்கள். மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் ஒட்டடை, பிறகு விசிறி இறக்கை, அலமாரி, ஜன்னல் கம்பி எல்லாம் ஈரத் துணியால். தரை கடைசியில். தரையை முதலில் துடைத்துவிட்டு அப்புறம் ஒட்டடை அடிக்கிற வீடுகளையும் பார்க்கிறேன். அங்கே அம்மா தரையை இரண்டு தடவை துடைக்கிறாள்.

படுக்கை விரிப்பும் தலையணை உறையும் வாரம் ஒருமுறை மாற வேண்டும். இளைப்பு, தும்மல் உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் வெந்நீரில் அலசுங்கள். நம் பங்குனி, சித்திரை வெயிலுக்கு மெத்தையை மாடியில் போட்டு எடுப்பதற்குக் கூலி ஒன்றும் இல்லை.

எந்த நாள் என்பதில் சண்டை வேண்டாம். பூஜைச் சாமான் துலக்கி வீடு கழுவும் வியாழக்கிழமை வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதுவே ஒத்து வந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் மாறும் வீட்டில் நாளும் மாறட்டும், ஆனால் அந்த வார நாள் எது என்பது முந்தின வாரமே காலண்டரில் ஏறிவிட வேண்டும். எல்லோரும் சேர்ந்து ஒரே நேரத்தில் ஒன்றரை மணி நேரம். இது முக்கியம். ஒருவர் டிவி பார்க்க, இன்னொருவர் பெருக்குவது என்ற ஏற்பாட்டில் எந்தப் பிள்ளையும் வேலை பழகாது. அஞ்சு வயதுக் குழந்தை செருப்பை ஜோடி சேர்க்கும், துவைத்த துணியில் யாருடையது எது என்று பிரிக்கும். பத்து வயதில் மடிக்கும், அலமாரி துடைக்கும். பதிமூன்று, பதினாலில் வீட்டையே துடைக்கும். இதில் ஆண் பெண் என்று பிரித்தீர்களானால் முதலில் இருந்து எல்லாம் வீண்.

இப்போது நீங்கள் கேட்கப் பிடிக்காத இடத்துக்கு வருகிறேன். கழிப்பறை.

அங்கே நம் பிள்ளைகள் நுழைவதே இல்லை, கழுவுவதற்கு. "ச்சீ" என்று மூக்கைப் பிடித்தால் நாமும் சிரித்துக்கொண்டு போய்விடுகிறோம். தான் போன இடத்தை வேறு யாரோ கழுவுவார்கள் என்று அந்தப் பிள்ளை மனதில் எழுதிக்கொள்கிறது. அந்த 'வேறு யாரோ' வீட்டில் அம்மா. தெருவிலும் பள்ளியிலும் அவர் யார் என்பதை நம் சமூகம் சாதி பார்த்து முடிவு செய்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு பிரிவுப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கிப் பள்ளிக் கழிப்பறை கழுவச் சொன்ன செய்திகளைப் படித்துவிட்டு நாம் கொதிக்கிறோம். கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் அப்படிச் சொல்லத் துணிந்த பெரியவர்களும் ஒரு காலத்தில் யார் வீட்டிலோ கழிப்பறைப் பக்கம் எட்டிப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகள்தானே? அதனால் சொல்கிறேன், அந்த வேலை வீட்டில் முறை வைத்து எல்லோருக்கும் வரட்டும். முதல் முறை அப்பாவுடையது. அவர் பிரஷ் எடுப்பதைப் பார்க்காத பையனிடம் நாம் பேசும் பேச்சு ஒன்றும் ஏறாது.

வேலைக்கு அக்கா வருகிற வீடுகளுக்கும் இதையேதான் சொல்கிறேன். அவர் வருவது உங்களுக்கு உதவிக்கு. உங்கள் பிள்ளை ஒரு தட்டைக்கூடக் கழுவாமல் வளர்வதற்கு அல்ல.

மார்க் குறைந்தால் "போய் பாத்ரூம் கழுவு" என்று தண்டனையாகவும் இதைக் கொடுக்காதீர்கள். ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டால், துப்புரவு வேலை என்பது தோற்றவர்களுக்கு உரியது என்று நீங்களே பாடம் நடத்தியதாகிவிடும். கழுவினால் இருபது ரூபாய் என்று பேரம் பேசுவதையும் நான் ஏற்கமாட்டேன். சாப்பிடுவதற்கு யாரும் அவனுக்குக் காசு கொடுப்பதில்லையே.

"அது செஞ்சா சுத்தமாவா இருக்கும், திரும்ப நான்தான் செய்யணும்" என்கிறார்கள் அம்மாக்கள். உண்மைதான், முதல் சில வாரம் இருக்காது. மாப்பில் தண்ணீர் சொட்டும், மூலைகள் தப்பிவிடும். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, பிறகு கொடைக்கானலிலும் தங்கி, நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய முறையில் எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்னால் வருவது பெருக்குவது, துடைப்பது, தண்ணீர் ஊற்றுவது, மடிப்பது. பெரியவர் ஒருமுறை மெதுவாகச் செய்து காட்ட வேண்டும், அதிகம் பேசக்கூடாது, பிறகு விலகி நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டி அந்தப் பெயர் போட்ட பள்ளியில் சேர்க்கிறோம். வீட்டுக்கு வந்ததும் பிள்ளை கையிலிருந்து துடைப்பத்தைப் பிடுங்குகிறோம். பிள்ளை துடைத்த இடத்தை அது பார்க்கும்போதே மறுபடி துடைக்காதீர்கள், அந்த ஒன்றுக்கே அது அடுத்த வாரம் வராது. விட்டுப்போன மூலையை அடுத்த வாரம் தொடங்கும்போது காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும் கண்டிப்பாக. கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் வகை எதையும் பிளீச்சிங் பவுடரோடு கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் மூச்சை அடைக்கும். இரண்டையும் ஒரே நாளில் பயன்படுத்த வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை. பிள்ளைகளின் முறை வரும்போது சோப்புத்தூளும் பிரஷ்ஷும் போதும். ஆசிட் பாட்டில் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள். விசிறி துடைக்கிறவர் சுவிட்சை அணைத்து, அதன் பக்கத்தில் ஒருவரை நிறுத்திவிட்டு ஏறட்டும்.

மார்ச்சில் பொதுத்தேர்வு வரும். அப்போது மறுபடி "படிக்கிற புள்ள" என்று தொடங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த மாதம் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைக்கு வேலையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். தன் படுக்கை உறையை மாற்றுவது, தண்ணீர்ப் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்ப்பது, இரண்டுக்கும் சேர்த்து இருபது நிமிடம். புத்தகத்தின் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்த உடம்புக்கு அது ஓய்வும்கூட. அது விட்ட மீதி வேலையை அந்த மாதம் அப்பா எடுத்துக்கொள்ளட்டும்.